நிலக்கரியை வாயுவாக்கினால் மின்சாரம் மலிவாகுமா? மஸ்கெலியாவிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் உதவி அதிகாரியாக இருக்கும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருந்தார். நெய்வேலியிலும் சீனாவிலும் நிலக்கரியை அப்படியே எரிக்காமல் வாயுவாக மாற்றித் தூய்மையான சக்தியாகப் பயன்படுத்துகிறார்களாமே, அது உண்மையா? இலங்கையின் நுரைச்சோலை அனல் மின்நிலையத்துக்குக் கப்பலில் வரும் நிலக்கரியையும் அவ்வாறு மாற்றினால் நம்முடைய மின்கட்டணம் குறையாதா? தொழிற்சாலை அடுப்புக்கும் விறகை விட்டுவிட்டு அந்த வாயுவைக் கொண்டுவரலாமா?

முதல் கேள்விக்கு விடை பாதி உண்மை என்பது. மற்ற இரண்டுக்கும் விடை ‘இல்லை’ என்பதே. ஆனால் வெறுமனே ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. தேயிலைத் தொழிற்சாலைகளின் கொதிகலன்களையும் உலர்த்திகளையும் அளந்து கணக்கெழுதுவதே இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் தொழில் என்பதால், நம் கண்ணுக்கும் கைக்கும் பழக்கமான விறகிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அப்பா தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டத்து இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அடுப்படி வேலை பார்த்தவர். லொறியில் விறகு வந்து இறங்கியதும் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று விழும். ஈரக்கட்டையை அடுப்பில் வைத்தால் வெட்டுமுகத்தில் நுரை தள்ளிச் சீறும், புகைபோக்கியில் வெண்புகை எழும், உலர்த்திக்குப் போகும் காற்றின் சூடு 95 பாகையிலிருந்து மளமளவென்று இறங்கும். அப்போது அந்தக் கட்டை எரிவது தேயிலையை உலர்த்துவதற்காக அன்று. தன் வயிற்றில் இருக்கும் தண்ணீரை ஆவியாக்குவதற்காக. பழுப்பு நிலக்கரியின் கதையும் இதுதான். நெய்வேலியில் வெட்டியெடுக்கப்படும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அதனால்தான் அதன் வெப்பப் பெறுமதி கிலோவுக்குச் சுமார் 2,600 கிலோகலோரியில் நின்றுவிடுகிறது. நுரைச்சோலைக்கு வரும் கருநிலக்கரியோ சுமார் 6,000 கிலோகலோரி கொண்டது. பழுப்பு நிலக்கரியைக் கப்பலில் ஏற்றி அனுப்பினால் பாதிக் கூலி தண்ணீருக்கே போய்விடும் என்பதால், அது பெரும்பாலும் தன் சுரங்கத்தின் வாசலிலேயே எரிந்து தீரும். உலகச் சந்தையில் அதற்கு விலை இல்லை. விலை இல்லாததுதான் அதன் பலமும்கூட. பின்னால் வரும் கணக்குக்கு இது வேண்டியிருக்கும்.

இனி வாயுவாக்கம். நிலக்கரியை மூடிய கலனுக்குள் இட்டு, முழுதாக எரிவதற்குப் போதாத அளவு ஒட்சிசனையும் அதனோடு நீராவியையும் உயர் வெப்பத்தில் செலுத்தினால், காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கலந்த ஒரு வாயு கிடைக்கிறது. அந்தக் கலவையைக் கொண்டு பல பொருள்கள் செய்யலாம்: விசையாழியில் எரித்து மின்சாரம் எடுக்கலாம், மெதேனாக மாற்றிக் குழாயில் அனுப்பலாம், அமோனியாவும் யூரியாவும் ஆக்கலாம், மெதனோல் ஆக்கலாம், டீசலும் ஆக்கலாம். இதில் புதுமை ஏதும் இல்லை. ஜெர்மனியில் பிரான்ஸ் பிஷரும் ஹான்ஸ் துரொப்ஷும் இந்த வாயுவிலிருந்து திரவ எரிபொருள் ஆக்கும் வழியை 1925ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நூறு ஆண்டு பழைய வேதியியல் இது. தெரியாததால் யாரும் செய்யாமல் இருக்கவில்லை, கணக்கு ஒத்துவராததால்தான் பெரும்பாலான நாடுகள் செய்யாமல் இருக்கின்றன.

எங்கே ஒத்துவராமல் போகிறது என்று பாருங்கள். நிலக்கரியில் இருக்கும் சக்தியில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் செயற்கை மெதேனில் வந்து சேரும். மீதி 40 சதவீதம், ஒட்சிசனைக் காற்றிலிருந்து பிரிப்பதிலும், நீராவி ஆக்குவதிலும், வாயுவைக் கழுவிச் சுத்தம் செய்வதிலும், வெப்பமாகவும் கரைந்துவிடுகிறது. அந்த மெதேனை இன்றைய நல்ல வாயு மின்நிலையத்தில், 55 சதவீத வினைத்திறனில் எரித்தாலும், மொத்தத்தில் நிலக்கரியின் சக்தியில் 33 சதவீதமே மின்சாரமாக வெளிவரும். அதே நிலக்கரியை நுரைச்சோலை போன்ற சாதாரண நிலையத்தில் நேரே எரித்தால் 35 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும். மெதேனாக்காமல் கலவை வாயுவையே எரிக்கும் நிலையங்கள் 40 சதவீதத்தை எட்டும் என்பது உண்மைதான், ஆனால் அவற்றின் கட்டுமானச் செலவு வேறொரு உயரத்தில் இருக்கிறது.

இந்தச் செலவைப் புரிந்துகொள்ள, அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் பியூலா என்ற ஊருக்கு அருகே நிற்கும் கிரேட் பிளெயின்ஸ் ஆலையின் வரலாற்றைவிட நல்ல பாடம் இல்லை. பழுப்பு நிலக்கரியைக் குழாய் வாயுவாக மாற்றும் அந்த ஆலை, 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, இயற்கை வாயு தீர்ந்துபோகும், விலை ஏறிக்கொண்டேயிருக்கும் என்ற நம்பிக்கையில் திட்டமிடப்பட்டது. ஐந்து வாயுக் கம்பனிகள் சேர்ந்து, அரசாங்கம் கடனுக்குப் பிணை நிற்க, சுமார் 2.1 பில்லியன் டொலர் செலவில் கட்டி 1984இல் வாயு எடுத்தன. தொழில்நுட்பம் சொன்னபடியே வேலை செய்தது. பதினான்கு கலன்களும் ஓடின. ஆனால் கட்டி முடிப்பதற்குள் இயற்கை வாயுவின் விலை இறங்கத் தொடங்கியிருந்தது. 1985இல் கம்பனிகள் கடனைக் கட்ட முடியாமல் கைவிட்டன, அரசாங்கத்தின் தலையில் ஆலை விழுந்தது, 1988இல் ஒரு மின்சாரக் கூட்டுறவு நிறுவனம் அதனை 85 மில்லியன் டொலருக்கு வாங்கியது.

இதை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு அந்த ஆலை தரும் வாயு ஏறத்தாழ 54 பில்லியன் கன அடி, அதாவது வாயு வியாபாரிகளின் அளவில் சுமார் 5 கோடியே 40 இலட்சம் அலகு வெப்பம். 2.1 பில்லியன் டொலருக்கு ஆண்டுக்குப் பத்து சதவீதம் வட்டியும் தவணையுமாக வைத்தாலே 210 மில்லியன். பங்கிட்டால் ஓர் அலகுக்குச் சுமார் 4 டொலர். இதில் நிலக்கரி விலை இல்லை, கூலி இல்லை, பராமரிப்பு இல்லை. 1987இல் அமெரிக்காவில் இயற்கை வாயுவின் கிணற்றடி விலையோ 2 டொலருக்கும் கீழே இருந்தது. நிலக்கரியை இலவசமாகக் கொடுத்திருந்தாலும் ஆலை பிழைத்திருக்காது. 85 மில்லியனுக்கு வாங்கியவர்களுக்கு அந்த 4 டொலர் பல சதங்களாகச் சுருங்கிவிட்டதால்தான் அவர்களால் ஓட்ட முடிந்தது. முதல் முதலாளி அழிந்தால்தான் இரண்டாம் முதலாளி வாழ முடியும் என்ற நிலையில் உள்ள ஒரு தொழிலை, கடனில் இருக்கும் ஒரு நாடு முதல் முதலாளியாக நின்று தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பிறகு அவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. வாயுவை மட்டும் நம்பாமல் அமோனியா, யூரியா, பீனோல் எனப் பக்கப் பொருள்களைப் பெருக்கினார்கள். கலனுக்குள் போக முடியாத நிலக்கரித் தூளைச் சல்லடையில் பிரித்து அயலில் உள்ள மின்நிலையத்துக்குத் தந்தார்கள். 2000ஆம் ஆண்டு முதல், வீணாகப் போன காபனீரொட்சைட்டைச் சுமார் 330 கிலோமீற்றர் குழாய் வழியாகக் கனடாவின் வெய்பேர்ன் எண்ணெய் வயலுக்கு விற்றார்கள். அங்கே அது எண்ணெயை மேலே தள்ளுவதற்காக நிலத்துக்குள் செலுத்தப்படுகிறது. நம்முடைய தொழிற்சாலையில் முதல்தரத் தூளின் விலை விழும்போது கழிவுத் தூசியை விற்ற காசும் கைகொடுப்பதைப் போன்றது இது.

இதற்கு நேர்மாறான முடிவு மிசிசிப்பி மாநிலத்தின் கெம்பர் நிலையத்துக்கு வந்தது. அதுவும் பழுப்பு நிலக்கரிதான். வாயுவாக்கி, காபனீரொட்சைட்டைப் பிடித்து, மீதியில் 582 மெகாவோட் மின்சாரம் எடுப்பது திட்டம். தொடக்க மதிப்பீடு 3 பில்லியன் டொலருக்கும் குறைவு, கடைசியில் ஆனது 7.5 பில்லியன். 2017இல் வாயுவாக்கும் பகுதியை நிறுத்தி இயற்கை வாயுவிலேயே ஓட்ட முடிவு செய்தார்கள், 2021இல் அந்தப் பகுதியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாறையைப் பிளந்து எடுக்கும் இயற்கை வாயு மலிவாகக் கிடைத்த நாட்டில், தான் எந்தப் பொருளுக்கு மாற்றாகக் கட்டப்பட்டதோ அந்தப் பொருளிடமே அந்த நிலையம் தோற்றது.

அப்படியானால் எங்கேயும் இலாபம் வந்ததில்லையா? வந்திருக்கிறது. தென்னாபிரிக்காவின் சாசோல் நிறுவனம் 1955 முதல் நிலக்கரியிலிருந்து பெற்றோலும் டீசலும் ஆக்குகிறது. செகுண்டாவில் உள்ள அதன் பெரிய ஆலையின் கொள்ளளவு நாளுக்கு 1,60,000 பீப்பாய். இனவெறி ஆட்சிக்கு எதிராக உலகம் எண்ணெய் தர மறுத்த காலத்தில், எந்த விலை கொடுத்தாவது வேண்டும் என்று அரசாங்கம் தாங்கியதால் வளர்ந்தது அது. சீனா வேறு விதம். கடலுக்கு வெகு தொலைவில் மலிவான நிலக்கரி மலைபோலக் கிடக்கிறது. பிளாத்திக்கு மூலப்பொருளும் மெதனோலும் வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் விலை உயர்ந்த ஆண்டுகளில் கணக்கு ஒத்துவருகிறது. இந்திய அரசாங்கமும் 2030க்குள் ஆண்டுக்கு 100 மில்லியன் தொன் நிலக்கரியை வாயுவாக்க வேண்டும் என்று இலக்கு வைத்து, 2024 சனவரியில் அதற்கு 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை ஒதுக்கியது. ஊக்கத்தொகை ஒதுக்க வேண்டியிருக்கிறது என்பதே சந்தை தானாக அந்த வேலையைச் செய்யாது என்பதற்குச் சான்று. ஆனாலும் இந்தியாவைக் குறை சொல்ல மாட்டேன். சொந்த மண்ணில் நிலக்கரி, இறக்குமதியாகும் யூரியாவும் மெதனோலும், கோடிக்கணக்கான விவசாயிகள் என்ற நிலையில், மின்சாரத்துக்காக அல்லாமல் உரத்துக்காகவும் இரசாயனத்துக்காகவும் அவர்கள் இதில் இறங்குவதில் அர்த்தம் உண்டு.

நீங்கள் நெய்வேலியைக் குறிப்பிட்டீர்கள். 1956இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1960களிலேயே பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி யூரியா ஆக்கியது. பழுப்பு நிலக்கரியைச் சுட்டு, புகையில்லாத அடுப்புக்கரியாக்கி ‘லெக்கோ’ என்ற பெயரில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு விற்றது. மண்ணெண்ணெயும் சமையல் வாயுவும் வீட்டுக்கு வீடு வந்தபின் லெக்கோவுக்கு இடம் இல்லாமல் போயிற்று. உர ஆலையும் தாக்குப்பிடிக்கவில்லை, இரண்டும் மூடப்பட்டன. நிலைத்தது எது? சுரங்க வாசலிலேயே எரித்து மின்சாரமாக்கிக் கம்பியில் அனுப்பும் பழைய வேலைதான். அதற்கும்கூட, நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தில் இருக்கும் ஊற்று நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டேயிருக்க வேண்டியிருக்கிறது.

தூய்மை என்ற சொல்லையும் ஒருமுறை அளந்துவிடுவோம். வாயுவாக்கினால் கந்தகமும் பாதரசமும் சாம்பலும் ஆலையோடு நின்றுவிடும், அது மெய்யான நன்மை. நகரத்துச் சமையலறைக்கோ பேருந்துக்கோ போய்ச் சேரும் பொருள் சுத்தமாகவே எரியும். ஆனால் காபன் எங்கும் போய்விடுவதில்லை. நிலக்கரியில் ஒரு கிகாயூல் (மேலே சொன்ன வாயு வியாபாரிகளின் ஓர் அலகுக்கு ஏறத்தாழச் சமம்) வெப்பத்துக்கு ஏறத்தாழ 95 கிலோ காபனீரொட்சைட்டு வருகிறது, இயற்கை வாயுவில் 56 கிலோ. நிலக்கரியிலிருந்து ஆக்கிய வாயுவில், அந்த 60 சதவீதக் கணக்கின்படி, ஆலையிலும் அடுப்பிலும் சேர்த்து 158 கிலோ வருகிறது. இதே வழியில் ஐதரசன் ஆக்கினால் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 20 கிலோ காபனீரொட்சைட்டு. ஆகவே காபனைப் பிடித்துப் புதைக்காமல் இதைத் தூய சக்தி என்று அழைப்பது சரியன்று. வாயுவாக்க ஆலையில் காபனீரொட்சைட்டு செறிவாக வெளிவருவதால், புகைபோக்கியில் பிடிப்பதைவிட அங்கே பிடிப்பது எளிது. எனினும் பிடித்ததை வாங்க ஓர் எண்ணெய் வயல் அருகில் வேண்டும், அல்லது புதைப்பதற்கு யாராவது பணம் தர வேண்டும்.

இப்போது நுரைச்சோலை. நமக்குச் சொந்த நிலக்கரி ஒரு பிடிகூட இல்லை. 900 மெகாவோட் நிலையத்தின் முதல் அலகு 2011இலும் மற்ற இரண்டும் 2014இலும் இயங்கத் தொடங்கின. ஆண்டுக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி வேண்டும். கப்பல் கடலில் நிற்க, படகுகளில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அதுவும் முடியாது. தொன் 100 டொலர் என்று வைத்தால் ஒரு கிகாயூலுக்கு 4 டொலர் ஆகிறது. வாயுவாக்கினால் எரிபொருள் செலவு மட்டுமே 6.70 டொலர், அதன்மேல் மூலதனம் ஏறத்தாழ 4 டொலர், அதுவும் நாற்பது ஆண்டுக்கு முந்திய விலையில், கூலியும் பராமரிப்பும் சேர்ந்தால் 12 டொலரைத் தாண்டும். திரவ இயற்கை வாயுவைக் கப்பலில் இறக்குமதி செய்தாலே பல ஆண்டுகளில் அதைவிடக் குறைவாக முடிந்துவிடும். 2022இல் உலகச் சந்தையில் நிலக்கரி 400 டொலரைத் தாண்டியதை மறக்க வேண்டாம். மார்ச் இறுதியில் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றதே, அந்த ஆண்டில் இப்படியோர் ஆலை நம்மிடம் இருந்திருந்தால், டொலர் இல்லாமல் நிலக்கரியும் வந்திருக்காது, கடன் தவணை மட்டும் வந்துகொண்டேயிருந்திருக்கும். மலிவான சொந்த நிலக்கரி, அதைவிட விலை கூடிய மாற்றுப் பொருள், நட்டத்தைத் தாங்கும் அரசாங்கம் ஆகிய மூன்றில் ஒன்றுகூட இங்கே இல்லை.

நம்மிடம் இருப்பது வேறு. நீங்கள் மஸ்கெலியாக்காரர், மாசி பங்குனியில் மவுசாகலை நீர்த்தேக்கம் இறங்கும்போது, மூழ்கிப்போன பழைய நகரத்தின் கோயில் சேற்றிலிருந்து எழுந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சனங்கள் அதைப் பார்க்கக் கூடுகிறார்கள். எனக்கு அந்தக் காட்சி நுரைச்சோலையின் கொதிகலனைத்தான் நினைவூட்டுகிறது, ஏனெனில் கோயில் எவ்வளவு வெளியே தெரிகிறதோ அவ்வளவு நிலக்கரி அங்கேயும் எண்ணெய் மற்ற நிலையங்களிலும் கூடுதலாக எரிகின்றன. மவுசாகலையிலிருந்து இறங்கும் தண்ணீர் கெனியன் நிலையத்தில் ஒருமுறை, புதிய லக்ஷபானவில் ஒருமுறை, பொல்பிட்டியவில் ஒருமுறை, இப்போது புரோட்லண்ட்ஸிலும் ஒருமுறை எனச் சுழலிகளைச் சுற்றிவிட்டே களனியில் போகிறது. நிலக்கரி தன்னை மாற்றும் ஒவ்வொரு படியிலும் சக்தியை இழக்கிறது, இந்தத் தண்ணீரோ இறங்கும் ஒவ்வொரு படியிலும் நமக்கு ஈட்டித் தருகிறது. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டின் மின்வலுவைப் பொருளாதாரக் கணக்காக எடுத்து வைத்து வாதிட்டார். லக்ஷபான ஓடத் தொடங்கியது 1950இல்தான். பகலில் வெயிலிலிருந்து மின்சாரம் எடுத்து, அந்த நேரத்தில் தண்ணீரைத் தேக்கி வைத்து, மாலை ஆறு மணிக்கு மேல் திறந்துவிடுவதும், மஹா ஓயாவில் திட்டமிடப்பட்டுள்ள 600 மெகாவோட் நீரேற்று நிலையத்தைப் போல மேலே ஏற்றிச் சேமிப்பதும்தான் நிலக்கரியைக் குறைக்கும் மலிவான வழிகள். நுரைச்சோலை நிற்கும் வரை நிற்கட்டும். அதன் சாம்பலையும் தூசியையும் ஒழுங்காகக் கட்டுப்படுத்தட்டும். அதன்மேல் இன்னொரு ஆலையைக் கட்ட வேண்டாம்.

கடைசியாக உங்கள் அடுப்பு. தொழிற்சாலைக்குள் சிறிய நிலக்கரி வாயுக்கலன் வைக்கும் எண்ணத்தை முற்றாக விட்டுவிடுங்கள். காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; மூடிய கட்டிடத்தில் கசிந்தால் ஆளைக் கொல்லும். நிலக்கரியின் தாரும் கந்தகமும் குழாய்களைத் தின்றுவிடும். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் பொருள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிலோ தேயிலைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகு போகிறது. உங்கள் இலாபம் அந்த எண்ணைக் குறைப்பதில்தான் இருக்கிறது.

எடையில் பாதி ஈரமுள்ள ஒரு தொன் யூக்கலிப்டஸ் விறகில் ஏறத்தாழ 8,000 மெகாயூல் பயன்தரும் வெப்பம் இருக்கிறது. அதையே பிளந்து, கூரைக்கடியில் காற்றோட்டமாக அடுக்கி, ஈரம் 20 சதவீதமாகும்வரை விட்டால், எடை 625 கிலோவாகக் குறையும், வெப்பமோ 8,900 மெகாயூலுக்கு மேல் உயரும். அடுப்பும் சூடாக எரிவதால் புகையோடு போகும் இழப்பும் குறையும். கோடிக்கணக்கில் மூலதனம் கேட்காத எரிபொருள் மாற்றம் இது ஒன்றுதான். கேட்பது ஒரு கொட்டகை, ஒரு தராசு, ஒரு ஈரமானி.

ஒரு மாதம் உள்ளே போகும் விறகை எடை பார்த்தே அனுமதியுங்கள். எத்தனை கிலோ தேயிலை வெளியே போனது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எடையின்படி காசு கொடுத்தால் தண்ணீருக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்பதால், விறகு தருபவரிடம் ஈரத்தின்படி விலை பேசுங்கள். மரம் வெட்டிய மேட்டில் மீண்டும் நடுகிறார்களா என்றும் கேளுங்கள், நடாவிட்டால் அந்த விறகும் தூய எரிபொருள் ஆகாது. வைகாசி மழை இறங்குமுன் கொட்டகை நிறைந்திருக்க வேண்டும்; எனவே தை மாதத்திலேயே பிளந்து அடுக்கத் தொடங்குங்கள்.